வாய்தாச் செலவு ஐம்பது ரூபாய்

ஆதிலட்சுமி இல்லாமலேயே அவள் மேல் போட்ட வழக்கில் தீர்ப்பு ஆகிவிட்டது. எழுபத்தொன்றாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அது. வீட்டுக்குப் பின்னால் சூளையில் அகல் விளக்குகள் வெந்துகொண்டிருந்தன. புருஷன் பழமலை பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஜாடிக் கம்பெனியில் வேலை பார்த்தான். அன்றைக்கு அவனுக்குப் பகல் ஷிப்டு. எரிகிற சூளையை விட்டுவிட்டுப் போனால் விளக்கு ஒன்றும் தேறாது. வாய்தாவுக்கு வர முடியாது என்று வக்கீல் மாணிக்கவேலுக்குச் சொல்லி அனுப்பினாள். பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் சொல்லி அனுப்பினார். ஆனால் அன்று அவர் கடலூர் கோர்ட்டில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டார். விருத்தாசலம் முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் நின்று டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்ல ஆளில்லை. பிரதிவாதி வரவில்லை என்று எழுதி, வாதி பஞ்சநாதன் கேட்டபடியே டிக்ரி கொடுத்துவிட்டார்கள்.

வழக்கு அந்தச் சூளை இருந்த இடத்தைப் பற்றியதுதான். ரயில் ஜங்ஷனுக்கு அப்பால் இருந்த அந்த மனையைச் சில வருஷங்களுக்கு முன்பு பஞ்சநாதனின் அண்ணனிடமிருந்து வாங்கினார்கள். ஆதிலட்சுமியின் தாய்வீட்டு நகையை விற்ற பணம் என்பதால் பத்திரம் அவள் பேரில் ஆயிற்று. முன்னால் வீடு கட்டினார்கள், பின்னால் சூளை போட்டார்கள். பிறகு அந்த அண்ணன் செத்துப்போனார். நெய்வேலியில் வேலையாக இருந்த பஞ்சநாதன் அதை விட்டுவிட்டு மங்கலம்பேட்டைக்குக் குடிவந்தார். மனையின் பின்பாதி தன்னுடைய பாகம், அதை விற்க அண்ணனுக்கு உரிமை கிடையாது, காலி செய்து தரவேண்டும் என்று பிராது போட்டார்.

டிக்ரி ஆன செய்தியை ஆதிலட்சுமி சந்தையில் கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மண் பிசைந்துகொண்டே இருப்பாள். பாதியில் எழுந்துபோய்ச் சூளையைச் சுற்றி வருவாள். சோறு பொங்கும்போது வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்ப்பாள். இடத்தைக் காலி செய்ய வைக்கக் கோர்ட்டு அமீனா எந்த நேரமும் வந்து நிற்பார் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வக்கீலை நச்சரித்து, தீர்ப்பை ரத்து செய்து வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட வைத்தாள்.

மாசி மாதம் மனுவின் மேல் உத்தரவு வந்தது. முன்சீப் மனுவை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவள் வராததால் எதிர்த்தரப்புக்கு அலைச்சலும் செலவும் ஏற்பட்டிருக்கிறது. அதற்காக ஐம்பது ரூபாயை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. பணம் கொடுத்தாயிற்றா என்று பார்ப்பதற்கு அதற்கடுத்த திங்கட்கிழமை வாய்தா.

பழமலைக்கு இது விளங்கவே இல்லை. நம் மேல் வழக்குப் போட்ட ஆளுக்கு நாமே காசு கொடுத்து, வா, மறுபடியும் சண்டை போடலாம் என்று கூப்பிடுவதா என்று கேட்டான். அந்த ஐம்பது ரூபாய்க்கு அவன் கம்பெனியில் பாதி மாதம் உழைக்க வேண்டும். சூளையைப் பிரித்து வேறெங்காவது போட்டுக்கொள்ளலாம், இந்தத் தொல்லை வேண்டாம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று ஆதிலட்சுமிக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்கவில்லை.

"எடம் போனா போவுதுங்க," என்றாள். "நான் வாயே தொறக்காம போவக் கூடாது."

சட்டிபானை விற்ற காசும் அவன் சம்பளத்தில் கொஞ்சமும் சேர்த்து, அடுத்த வாரம் புதன்கிழமை பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஞ்சநாதனின் வக்கீல் அரங்கநாதன் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அவருடைய குமாஸ்தா சுப்புராயன் இருந்தார். நாற்பது வருஷமாகக் கோர்ட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்து தேய்ந்த மனுஷர். ஐயா கடலூர் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி அந்தக் கதவைப் பார்த்தாள். சுப்புராயனும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டாள். இப்போது பேச்சு வேறாக இருந்தது. கட்சிக்காரர் சொல்லாமல் வக்கீல் பணம் வாங்க முடியாதாம். பஞ்சநாதன் வந்து வாங்கச் சொன்னால் வாங்குவாராம். நீங்களே வாங்கி வையுங்கள் என்று அவள் ரூபாயை எடுத்து மேசை மேல் வைத்தாள். சுப்புராயன் சூடு பட்டதுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

ரூபாயைத் திரும்ப முடிந்துகொண்டு மாணிக்கவேலிடம் ஓடினாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அவர்கள் வேண்டுமென்றேதான் வாங்காமல் இருக்கிறார்கள் என்று விளக்கினார். நாளை சாயங்காலம் தாண்டிவிட்டால் மனு தானாகவே செத்துவிடும், டிக்ரி நிலைத்துவிடும். கோர்ட்டிலேயே பணத்தைக் கட்டிவிடக் கூடாதா என்று கேட்டாள். உத்தரவில் வக்கீலிடம் என்று இருக்கிறது. கோர்ட்டில் கட்ட முன்சீப்பின் அனுமதி வேண்டும். அவர் லீவில் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் மாணிக்கவேல். பஞ்சநாதனையே பிடித்துக் கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதும், அதை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார். கார்த்திகையில் நீங்கள் கோர்ட்டில் இருந்திருந்தால் இதெல்லாம் ஏன் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த ஆளும் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டாள்.

மத்தியான பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போனாள். கடைத்தெருவுக்குப் பின்னால் பஞ்சநாதனின் வீடு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெரியவர், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மகள் ஊருக்குப் போய் மூணு நாளாகிறது, சேத்தியாத்தோப்பு, மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது என்றார். யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நீ பொம்பளையாக இருக்கிறாய், அதனால் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அன்று சேத்தியாத்தோப்புக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. வீட்டுக்கு வந்து பழமலைக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை. படுத்தாலும் உடம்பு படுக்கவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பழமலை தூக்கத்தில் புரண்டு, இன்னும் படுக்கலையா என்றான். முந்தானை முடிச்சை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனித்தானா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் அறுப்பு முடிந்த வயல்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அவர் டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடித்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

சேத்தியாத்தோப்பில் விசாரித்து, வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கிட்டே மகள் பூவாயியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். பூவாயி பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஊரில் இல்லை, அம்மா கடைக்குப் போயிருக்கிறார் என்றாள். கொடியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் கறுப்புக் குடையும் தோல் பையும் இருந்தன. கோர்ட்டு வராந்தாவில் பஞ்சநாதன் அந்தப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பதை ஆதிலட்சுமி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அவுரு வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போறேம்மா," என்று வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பூவாயிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நீங்கள்தான் விருத்தாசலத்து அக்காவா என்று கேட்டாள். பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா, அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றாள். குழந்தை அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. உட்கார்ந்திருக்க முடியாமல் ஆதிலட்சுமி எழுந்து தெருமுனை வரை போவாள், அந்த நேரத்தில் அவர் வந்து உள்ளே போய்விட்டால் என்று பயந்து திரும்பி ஓடிவருவாள். மங்கலம்பேட்டைக்கே திரும்பிப் போயிருப்பாரோ, அரங்கநாதன் வீட்டில் உட்கார்ந்திருப்பாரோ, இங்கே காத்துக்கொண்டு நேரத்தைத் தொலைக்கிறோமோ என்று நினைப்பு ஓடியது. ஒருகட்டத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துப் பக்கம் வேகமாக நடந்தாள்.

நிறுத்தத்தில் டீக்கடை, உரக்கடை, அதையடுத்து ஒரு சின்ன சலூன். சலூன் கண்ணாடியில் பஞ்சநாதனின் முகம் தெரிந்தது. ஒரு பக்கம் மழித்தாயிற்று. மறுபக்கம் முழுக்கச் சோப்பு நுரை. கழுத்தில் துண்டு. சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் கடைக்காரர் கொளஞ்சி. கண்ணாடி வழியாகவே பஞ்சநாதன் அவளைப் பார்த்துவிட்டார். எழப் போனார். நுரை வழிந்த பாதி முகத்தோடு எங்கே போவது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவள் வாசலில் நின்றாள்.

"அண்ணே, பணம் கொண்டாந்திருக்கேன்."

"எந்தப் பணம்?"

"கோர்ட்டு குடுக்கச் சொன்னது. உங்க வக்கீலு வூட்டுல வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க."

வக்கீலிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் உத்தரவு, என்னிடம் ஏன் வந்தாய் என்று அவர் கேட்டார். அவளைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே கேட்டார். கொளஞ்சி கத்தியைக் கையில் பிடித்தபடி, கன்னத்தில் வைக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

"நேத்து மங்கலம்பேட்டைக்கு வந்தேன். காத்தாலேருந்து உங்க மவ வூட்டு வாசல்ல குந்திக்கிட்டு இருந்தேன்," என்றாள் ஆதிலட்சுமி. "கடன் வாங்கினவங்கதான் ஓடுவாங்க. நீங்க பணம் வாங்க வேண்டியவங்க. நீங்க ஏண்ணே ஓடுறீங்க?"

பஞ்சநாதனின் மழித்த கன்னம் சிவந்தது. பிறகு பேச ஆரம்பித்தபோது, ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கொட்டுகிறவர் போலப் பேசினார். நெய்வேலியில் வெயிலிலும் தூசியிலும் நின்று சம்பாதித்து மாதாமாதம் அண்ணனுக்குப் பணம் அனுப்பினாராம். அந்த மனைக்கு வரி கட்டியதும் அவர் பணம்தானாம். ஊருக்கு வந்து பார்த்தால் தன் பாகத்தில் வேறு யாரோ சூளை போட்டுப் புகை விட்டுக்கொண்டிருந்தார்களாம். விற்றதாக அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கலாம் என்றால் அண்ணனும் இல்லை.

"டிக்ரி ஆயிடுச்சு. இப்ப இந்தப் பணத்தை நான் தொட்டா மறுபடியும் மொதல்லேருந்து. எனக்கு ஒடம்பு தாங்காதும்மா," என்றார்.

அவருடைய அண்ணன் அவளுக்கும் எதையும் சொல்லவில்லை. அதை அவள் சொன்னாள். முழு மனையையும் காட்டி, நாலு பக்கமும் கல் நட்டுத்தான் விற்றார் என்றாள்.

"நீங்க சொல்றதைக் கோர்ட்டுல சொல்லுங்க. நான் சொல்றதையும் அவுங்க கேக்கட்டும். அப்புறம் என்னா எழுதறாங்களோ எழுதட்டும். நான் ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சுன்னா அதை என்னால தாங்க முடியாதுண்ணே."

முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில், சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்தார். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் புறப்பட்டுப் போனது. முகத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் கடைசியில். "நான் வாங்க மாட்டேன்."

ஆதிலட்சுமி கொளஞ்சியிடம் திரும்பினாள். நான் கொடுத்ததையும் அவர் வாங்க மறுத்ததையும் நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். தன் கண் எப்போதும் கத்தி மேலேதான் இருக்கும், சுற்றி நடப்பது எதுவும் தெரியாது என்றார் அவர். சொல்லும்போது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பஞ்சநாதனின் மருமகன் அவருக்கு எதிர்வீடு.

நோட்டுகளைத் திரும்ப முடிந்துகொண்டாள். விருத்தாசலம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அரங்கநாதன் வீட்டுக்குப் போனாள். முன்னறை பூட்டியிருந்தது. கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சுக் குரல் நின்றது. யாரும் திறக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எப்படிப் போயின என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் ஒரு வேலையும் முடியவில்லை. ஒரு பானையைத் தட்ட உட்கார்ந்து, அதன் பக்கம் மெலிந்து உடைந்துபோக, மண்ணைத் தூக்கி எறிந்தாள். பழமலை இரண்டு நாளும் பொறுத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்குக் காசையும் போட்டு அலைந்து அவமானமும் பட்டதுதான் மிச்சம் என்று கத்திவிட்டான். அவளும் கத்தினாள். நகை போனது என்னுடையது, பேர் போனதும் என்னுடையது, நீங்கள் கம்பெனிக்குப் போய்விடுவீர்கள், கோர்ட்டில் கூப்பிட்டது உங்கள் பேரையா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பழமலை எழுந்துபோய், நாளைக்கு ஷிப்டுக்கு வர முடியாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றான்.

கோர்ட்டில் கூட்டமாக இருந்தது. பஞ்சநாதனும் வந்திருந்தார். பின்பக்கம் சுவரோரமாகத் தோல் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் பக்கம் பார்க்கவில்லை. வழக்கு எண் கூப்பிட்டதும் வக்கீல்கள் இங்கிலீஷில் பேசினார்கள். அரங்கநாதன் எழுந்து ரெண்டே வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். செலவுத்தொகை வரவில்லை, அதனால் மனு தள்ளுபடி ஆகிறது என்பதுதான் அது என்று பிறகு குமாஸ்தாக்கள் சொல்லித் தெரிந்தது. மாணிக்கவேல் அன்று நன்றாகவே பேசினார். தன் கட்சிக்காரி பணத்தோடு மூன்று நாள் அலைந்தாள், எதிர்த்தரப்பு வேண்டுமென்றே வாங்கவில்லை என்றார். அதற்குச் சாட்சி உண்டா என்று முன்சீப் கேட்டார். மாணிக்கவேல் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். என் அலுவலகத்துக்கு யாரும் பணம் கொண்டுவரவில்லை என்று அரங்கநாதன் சொன்னார். அவருக்குப் பின்னால் சுப்புராயன் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

ஆதிலட்சுமிக்கு மொழி புரியவில்லை. ஆனால் முன்சீப் பேனாவை எடுத்தது புரிந்தது. கால் தானாக முன்னால் போனது. பழமலை அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

எழுதப் போன முன்சீப் என்ன நினைத்தாரோ, பேனாவைக் கீழே வைத்தார். வாதி வந்திருக்கிறாரா என்று தமிழில் கேட்டார். பஞ்சநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இந்த அம்மா உங்களிடம் பணம் கொடுக்க வந்தாரா என்று முன்சீப் கேட்டார்.

அரங்கநாதன் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். உட்காருங்கள் என்பதுபோல முன்சீப் கையைக் காட்டினார்.

பஞ்சநாதன் தன் வக்கீலைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். பின் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வந்தாங்க," என்றார். "வெள்ளிக்கிழமை சேத்தியாத்தோப்புக்கு வந்தாங்க. பணத்தை எடுத்து முன்னால வச்சாங்க. நான்தான் வாங்கலீங்க."

ஆதிலட்சுமி பழமலையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முன்சீப் அரங்கநாதனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலக்கெடுவை இன்று வரை நீட்டித்திருக்கிறேன், பணத்தை இப்போதே இங்கேயே கொடுங்கள் என்றார். அவள் முடிச்சை அவிழ்க்க முயன்றாள். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகிப்போயிற்று. பழமலைதான் குனிந்து அவிழ்த்து எடுத்துக் கொடுத்தான். பஞ்சநாதன் வாங்கிக்கொண்டு, மாணிக்கவேல் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் சுப்புராயன் வழக்குக் காகிதக் கட்டைப் பஞ்சநாதனின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த வழக்கை இனி ஐயா பார்க்க மாட்டார், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பஞ்சநாதன் கட்டைப் பையில் திணித்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பேசாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் ஆதிலட்சுமி நினைத்தாள். கால் நின்றுவிட்டது. ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"வரலைன்னு சொல்லணும்னுதாம்மா வந்தேன். வக்கீலு அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாரு," என்றார் அவர். "கேட்டதும் வாய் வரலை." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த எடம் என்னுது. அதை நான் வுட மாட்டேன்," என்றார்.

"நானும் வுட மாட்டேங்க," என்றாள் ஆதிலட்சுமி.

அவர் தலையாட்டினார். ஜங்ஷன் பக்கம் போகும் வழியில் பழமலை, நல்ல மனுஷன்தான் போல என்றான். வீட்டுக்குப் போனதும் அவள் பழைய சோற்றை மோர் ஊற்றிப் பிசைந்து, மூன்று நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

வழக்கு மறுபடி தொடங்கி எழுபத்து மூன்று கடைசி வரை நடந்தது. பஞ்சநாதன் ஜெயராஜ் என்று ஒரு சின்ன வயசு வக்கீலை வைத்துக்கொண்டார். ஆதிலட்சுமி ஒரு வாய்தாவையும் தவறவிடவில்லை. வாய்தா இருக்கிற நாளில் சூளை மூட்டக் கூடாது என்று பழமலையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அவளைக் கூண்டில் ஏற்றி ஜெயராஜ் குறுக்கு விசாரணை செய்தபோது, கல் நட்ட நாளன்று யார் யார் இருந்தார்கள், பஞ்சநாதனின் அண்ணன் எந்த மூலையில் நின்று என்ன சொன்னார் என்றெல்லாம் சொன்னாள். பாகம் பிரித்த பழைய பத்திரத்தை அவளிடம் காட்டவில்லையா என்று ஜெயராஜ் கேட்டார். காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்றாள். அந்தப் பதில் தனக்கு எதிராகப் போகும் என்று மாணிக்கவேலின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. மாற்றிச் சொல்லவில்லை.

தீர்ப்பு பஞ்சநாதனுக்குச் சாதகமாக வந்தது. பாகப் பத்திரத்தின்படி பின்பாதி தம்பியுடையது, தன்னுடையதல்லாததை அண்ணன் விற்றது செல்லாது என்று முன்சீப் எழுதினார். ஆதிலட்சுமி ஏமாந்து வாங்கியவள் என்பதால் சூளையைப் பிரிக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். வழக்குச் செலவை அவரவர் ஏற்றுக்கொள்ள வேண்டியது என்று முடித்திருந்தார். செலவுத்தொகை கேட்டு மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஜெயராஜ் சொன்னாராம். பஞ்சநாதன் போதும் என்று சொல்லிவிட்டதாக மாணிக்கவேலின் குமாஸ்தா வந்து சொன்னார்.

பழமலை கணக்குப் பார்த்தான். அன்றைக்கே விட்டிருந்தால் இத்தனை பணமும் இத்தனை நாளும் மிச்சம் ஆகியிருக்கும் என்றான். அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னான். ஆதிலட்சுமிக்கும் அழுகையாகத்தான் இருந்தது. தாய்வீட்டு நகையில் பாதி போயிற்று. ஆனாலும் அன்று சந்தையில் செய்தி கேட்டபோது நெஞ்சுக்குள் கிளம்பிய அந்தப் பதற்றம் இப்போது இல்லை என்பதை அவள் கவனித்தாள். கேட்டார்கள், சொன்னாள், தோற்றாள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தை பிறந்ததும் ரெண்டு பேருமாகச் சூளையைப் பிரித்தார்கள். செங்கல் செங்கலாகத் தட்டியெடுத்து, வீட்டின் முன்பக்கம் ரோட்டோரமாக இருந்த கொஞ்ச இடத்தில் அடுக்கினார்கள். பஞ்சநாதன் ஒரு நாள் வந்து வேலி போடுவதற்கு அளந்துகொண்டார். இன்னும் ஆறேழு கற்கள் மண்ணில் பதிந்து கிடந்தன. அவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழமலை போய் எடுத்து வந்தான்.

புதுச் சூளை பழையதைவிடச் சின்னதாகத்தான் அமைந்தது. முதல் நாள் மூட்டியபோது காற்று ரோட்டுப் பக்கம் திரும்பி, புகை முழுவதும் அந்த வழியாகப் போன பஸ்ஸுக்குள் புகுந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டே போனார். ஆதிலட்சுமி சிரித்துவிட்டாள். அடுப்பு வாயை எந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று பழமலையிடம் கேட்டுக்கொண்டே, விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள்.